மூடியின் உட்புறத்தில் நான் போட்ட குறி

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பட்டறை. மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், அஸ்திவாரத்தை இடுப்பளவு உயர்த்திக் கட்டிய ஒரு வீடு. பழைய தையல் மெஷின் காலில் நானே பூட்டிய சின்ன லேத். நுண்ணளவு பார்க்கும் டயல் கேஜின் முள்ளை வளையாமல் கழற்ற, சைக்கிள் ஆரக்கம்பியை அராவிச் செய்த ஒரு குறடு. இரண்டு மகள்களின் கல்யாணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனையோ பட்டறைகளின் கருவிகளுக்குச் சரியான அளவு. இத்தனையும் நான் உண்டாக்கியவை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், கையில் முதல் இல்லாதவன், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவன் உண்டாக்கியவை. நானே சொன்னால் தற்பெருமை என்பார்கள். சொல்லட்டும். வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமைப் பெருக்கும் வேலைக்குத்தான் முதலில் போனேன். கீழே விழுந்து கெட்ட டயல் கேஜ்களை அங்கே பழைய இரும்போடு தூக்கிப் போடுவார்கள். பார்க்கப் பாக்கெட் கடிகாரம் மாதிரி இருக்கும். அடியில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்டு மயிரிழை அசைந்தால் போதும், மேலே முள் ஓடும். காயலான் கடையில் அப்படி ஒன்றை எடைக்கு வாங்கி வந்து பிரித்தேன். திரும்ப மாட்டத் தெரியவில்லை. இன்னொன்று வாங்கிப் பிரித்தேன். அதுவும் பாழ். தொழிற்சாலையைக் கதவடைத்தபோது கூட வேலை செய்தவர்கள் கேட்டில் கொடி பிடித்து நின்றார்கள். நான் திருமுல்லைவாயில் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து முள்ளை ஓட வைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை என்று பார்த்தால் முக்கால்வாசி கழுவுவதுதான். ஒவ்வொரு பல்சக்கரத்தையும் வெள்ளைப் பெட்ரோலில் போட்டு, மெல்லிய தூரிகையால் பல் பல்லாகத் தேய்த்து, பஞ்சு ஒட்டாத துணியில் உலர்த்த வேண்டும். அச்சு முனைக்கு மட்டும் ஊசி நுனியளவு எண்ணெய். தண்டுக்கு எண்ணெய் காட்டவே கூடாது. தூசியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே ஒரு சுருள் இருக்கிறது, மூச்சு பட்டால் பறந்துவிடும். அதனால் பட்டறையிலும் அதை ஒட்டிய அறையிலும் மின்விசிறி கிடையாது. "ஊரே ஃபேன் போட்டுக்கினு கீது. நம்ம ஊட்ல மட்டும் ஒரு சுருளுக்குப் பயந்து வேவுறோம்" என்பாள் என் மனைவி. சித்திரை மாதத்திலும் என் நெற்றியில் துண்டு கட்டியிருக்கும், வியர்வை உள்ளே சொட்டிவிடாமல்.

எல்லாம் முடிந்து, பின் மூடியைப் போடுவதற்கு முன் அதன் உட்புறத்தில் ஊசி முனையால் ஒரு குறி போடுவேன்: ஒரு பிறை, அதற்குள் ஒரு புள்ளி. கடிகாரம் பழுது பார்ப்பவர்களும் இப்படிப் போடுவதுண்டு. அடுத்து யார் திறந்தாலும் இது எவன் கைவேலை என்று தெரிய வேண்டும். காகிதத்தில் எனக்குக் கையெழுத்துக் கோணும். பித்தளையில் கோணியதில்லை.

வெளியில் அலைந்து வேலை பிடித்து வந்தவன் என் மனைவியின் தம்பி. அதை நான் மறுக்கவில்லை. நன்றாகப் பேசுவான், ஆங்கிலத்தில் நாலு வார்த்தை போடுவான். தொண்ணூறுகளில் கம்பெனிகள் எல்லாக் கருவிக்கும் சான்றிதழ் கேட்க ஆரம்பித்தன. ஏசி அறை வேண்டும், தேதி போட்ட ஸ்டிக்கர் வேண்டும். அவன் வானகரத்தில் இடம் பிடித்துக் கம்பெனி திறந்தான். வாசலில் பலகை, 'நிறுவியவர்' என்று அதில் அவன் அப்பாவின் படம். என் மாமனார் நல்ல மனிதர்தான், மாவு மில் வைத்திருந்தவர். டயல் கேஜைக் கையால் தொட்டதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு நான் வீடு திரும்பினேன். வெளியே எந்தப் பேர் இருந்தால் என்ன, உள்ளே என் குறி இருக்கிறது என்று நினைத்தேன். அவன் ஆட்களால் சரிசெய்ய முடியாத கருவிகள் பிறகும் என் வீட்டுக்குத்தான் வந்தன. நான் சரிசெய்து அனுப்புவேன், அவன் ஸ்டிக்கர் ஒட்டுவான்.

காட்டுப்பாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர் இருந்தார். என்னிடம் நேராகக் கொடுத்த காலத்தில், மூடியைத் திறந்து என் குறியைக் காட்டினால்தான் கருவியைக் கையில் வாங்குவார். அவரும் பிறகு வானகரம் வழியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்; அங்கே ஸ்டிக்கர் ஒட்டிய கருவியைத் திறந்து காட்ட மாட்டார்கள். ஒருநாள் ஸ்கூட்டரில் நேராக என் வீட்டுக்கே வந்து, கைக்குட்டையில் சுற்றிய டயல் கேஜை மேசையில் வைத்தார்.

"இன்னா அண்ணாத்தே, கண்ணு போச்சா? நீ சரி பண்ணி வந்து முழுசா ஒரு மாசம் ஆவல. முள்ளு நொண்டியடிக்குது."

"யார்கிட்ட பேசிக்கினு கீற பாய்? என் கைபட்ட முள்ளு நொண்டாது."

"அப்ப என் கண்ணுதான் நொண்டுதா? நீயே தொறந்து பாரு."

திறந்தேன். சக்கரங்கள் நான் கோத்தவைதான். சுருளின் முனையைப் பிடித்திருந்த ஆணி நான் அராவியதுதான். மூடியைப் புரட்டினேன். பிறையும் இல்லை, புள்ளியும் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடம் பளபளத்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால் பல்லிடுக்கெல்லாம் உப்புத்தாளின் மணல், பித்தளைத் தூள். என் குறியை அழித்தவன் மூடியைக் கழுவாமலே மாட்டியிருக்கிறான். அந்தத் தூள் இறங்கித்தான் முள்ளை நொண்ட வைத்திருக்கிறது.

பாய் லென்ஸை வாங்கிப் பார்த்தார். "உன் பேர அழிக்கும்போது என் டயலையும் சேத்து அழிச்சிட்டானுங்களா? நல்லா கீதுப்பா உங்க குடும்பம்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தர் நேரில் வந்து கேட்டார். கேட்காமல், கிழவன் கை தளர்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். இலையில் கறி விழுந்ததும், பக்கத்தில் அந்த மூடியை வைத்தேன்.

"என் குறி எங்கடா?"

"அதுவா? நான்தான் மாமா தேய்க்கச் சொன்னேன். எல்லாத்துலயும் தேய்க்கிறாங்க. ஆடிட் வர்றவன் பாத்தா இன்னா நெனைப்பான்? ஆணியால கிறுக்கி, கக்கூஸ் செவுரு மாதிரி கீது."

"ஆடிட் வர்றவன் மூடியத் தொறக்கவே மாட்டான். ஸ்டிக்கரப் பாத்துட்டு டீ குடிச்சிட்டுப் போவான். தேய்ச்சீங்களே, கழுவுனீங்களா?"

"இன்னாத்த?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் என் பக்கத்தில் நின்றும், எதைக் கழுவ வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"உடு மாமா," என்றான், எலும்பை ஓரம் ஒதுக்கிக்கொண்டே. "நம்ம குடும்பத்துப் பேரு வெளிய பலகையில கீதே."

"அதுல என் பேரு எங்க கீது?"

அவன் அடுத்த கவளத்தை உருட்டினான். என் மனைவிதான் சொன்னாள்: "ஒரு கீறலுக்கா சோத்துல கை வச்சவன இந்தக் கேள்வி கேக்குறீங்க? தம்பி, நீ சாப்பிடுடா." அவன் இலைக்கு இன்னொரு கரண்டி கறி போனது. என் இலைக்கு வரவில்லை.

வானகரத்து வேலையை அதோடு நிறுத்தினேன். நான் இல்லாமல் கம்பெனி படுத்துவிடும் என்று எதிர்பார்த்தேன், படுக்கவில்லை. ஆள் வைத்தார்கள், மாடி எடுத்தார்கள். பாயின் டயலை மறுபடி முழுதாகக் கழுவி, மூடியில் பிறையை முன்பைவிட ஆழமாகக் கீறிக் கொடுத்தேன். அவர் பட்டறையை மூடும்வரை என்னிடம்தான் வந்தார். அவர் ஒருவர்தான் வந்தார்.

பலகை இன்றும் அங்கேதான் இருக்கிறது. படத்துக்கு மாலை வாடாமல் மாற்றுகிறார்கள். எனக்கு அவர்கள் சொத்தில் பங்கு வேண்டாம், மேடையில் சால்வை வேண்டாம். மாமனார் படத்தையும் எடுக்க வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். மச்சான், உனக்குத்தான் சொல்கிறேன்: அதன் கீழே, இந்தத் தொழிலைத் திருமுல்லைவாயில் வீட்டில் தொடங்கியவன் நான் என்று என் பேரை எழுது. நான் உயிரோடு இருக்கும்போதே எழுது. மூடிக்குள் இருந்ததைத் தேய்த்துவிட்டாய். இது வெளியே இருக்க வேண்டும், தெருவில் போகிறவன் நின்று படிக்கிற மாதிரி.