எல்லம்மாவின் ஊத்துத் தண்ணி

எல்லம்மா தோட்டத்துக் கத்திரிக்காய ருசி பாக்காத வூடு எங்க தோணிரேவுல இல்ல. நான் தேவகி, பக்கத்து வூட்டுக்காரி, மீன் விக்கிறவ. நான் அரிஞ்சு போடுற மீன் கொடலு, செதிலு எல்லாம் அவ தோட்டத்துக்குத்தான் போவுது. ஆரம்பத்துல, "இன்னாடி இது, தெருவே நாறுது"ன்னு நான் போட்ட சண்ட கொஞ்சநஞ்சமில்ல. அவ சிரிச்சிக்கினே குழி தோண்டிப் பொதைப்பா. மொதோ காய் என் வூட்டுக்குத்தான் வந்துச்சு. அப்புறம் நான் எங்க வாயத் தொறக்குறது!

காலையில, கடலோட கலக்குற எங்க உப்பு ஏரியில எறங்கி, சேத்துல கையால தடவி எறா புடிப்பா. கரையேறினா தோட்டம். இடமோ வெறும் மணலு. கடையில விக்கிற மூட்ட உரம் ஒரு பிடி போட்டதில்ல. ஏரிக்கரையில ஒதுங்குற பாசிய வாரியாந்து குமிச்சு வைப்பா. ஒரு மழைக்காலம் முழுக்க நனைஞ்சு உப்பு போனாத்தான் அதைச் செடிக்குப் போடுவா. நண்டு ஓட்டையும் இடிச்சுக் கலப்பா. தண்ணிக்கு மணல்ல தோண்டின ஊத்து. குனிஞ்சு குனிஞ்சு குடத்தால மொண்டு ஊத்தணும். எங்க ஊத்துல மேல நிக்கிறது மழைத் தண்ணி, அடியில உப்புத் தண்ணி. மெல்ல மொண்டா நல்ல தண்ணியே கெடைக்கும். அந்தப் பொறும எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அவ புள்ள விமலுக்கு மீஞ்சூர்ல கம்பெனி வேல. அம்மா இடுப்பு ஒடியுதேன்னு, போன சித்திரையில ஒரு மோட்டார் வாங்கியாந்தான். அவ ஏரிக்குப் போன நேரம் பாத்து ஊத்துல மாட்டிட்டான். அம்மா வந்து பாத்து அசந்துபோவணும்னு ஆச. இந்த ஊர்ல பொறந்தவனுக்கு ஊத்தப் பத்தித் தெரியாதா? தெரியும். பாசம் கண்ண மறைச்சிடுச்சு, பாவம். மோட்டார் மேல் தண்ணிய உறிஞ்சித் தள்ளிட்டு, அடி உப்ப இழுத்துக் கொட்டுச்சு. செடியெல்லாம் கருகிப் போச்சு.

மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு ரயிலேறினவன், அப்புறம் ஊர்ப்பக்கமே வரல. போன் போட்டா, "ஓவர்டைம்மா"ன்னுவான்.

நானா இருந்தா ஏசித் தீத்திருப்பேன். அவளோ மோட்டாரக் கழட்டி, தொடச்சு, பழைய பொடவையில சுத்தி கட்டிலுக்கு அடியில வெச்சா. "செடி போனா போவுதுக்கா, வெத கெடக்குது. புள்ள வரமாட்றானே"ன்னு என் தோள்ல சாஞ்சு அழுதா. தெனம் காலையில ஊத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாப்பா. தூன்னு துப்புவா.

ஐப்பசியில மழ கொட்டித் தீத்துச்சு. மறுநா ஒரு பாட்டில்ல ஊத்துத் தண்ணி புடிச்சிக்கினு வந்து நின்னா. "கெளம்புக்கா, மீஞ்சூர் போய் அவனுக்குக் குடுத்துட்டு வரலாம்."

நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். "அடியே, இன்னும் கரிக்குதுடி."

"எனக்குத் தெரியாதா? நீ வா."

பொன்னேரியில ரயிலேறினோம். பெரிய மிஷின் வெச்சு கடல் தண்ணியையே குடிதண்ணி ஆக்குற ஊருக்கு உப்புத் தண்ணி எடுத்துக்கினு போறாளே, இவளுக்கு இன்னா பைத்தியமான்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு.

விமல் ரூம் வாசல்ல நின்னே குடிச்சான். கண்ணு கலங்கிப் போச்சு. "இன்னும் கரிக்குதும்மா"ன்னான்.

"அப்பிடியா? தெனம் குடிச்சுக் குடிச்சு என் நாக்கு மரத்துப் போச்சு நைனா. ஞாயித்துக்கெழம வந்து நீதான் பாத்துச் சொல்லணும். நீ சொன்னாத்தான் வெத போடுவேன்."

அடிப்பாவின்னு மனசுக்குள்ள சொல்லிக்கினு, முந்தானையால கண்ணத் தொடச்சிக்கினேன்.

ஞாயித்துக்கெழம காலையில பாத்தா, ஊத்தாண்ட குத்துக்காலிட்டு உக்காந்திருக்கான் விமல். எல்லம்மா பக்கத்துல பாசி வாரிக்கினு இருந்தா.

"தண்ணி எப்பிடிடா?"ன்னேன்.

அவன் அம்மாவ ஒரு பார்வ பாத்தான். "நல்லா ஆயிக்கினு வருது பெரிம்மா. ஆனா இன்னும் கொஞ்சம் கரிக்குது. அடுத்த வாரமும் வந்து பாக்கணும்."