வெறும் கல்லு மிஸ்

செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. எங்கள் பள்ளிச் சன்னலைத் திறந்தால் கோட்டை மலை. அதை விட்டுவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் பாறை வரைந்து பாடம் நடத்து என்றால் எரிச்சல் வராதா? பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டு ஹெச்.எம். அறைக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையாட்டினார்.

"அரையாண்டுல அந்தப் பாடத்துல மார்க் ஏறணும் மேடம். ஏறலன்னா இதோட சரி."

"கண்டிப்பா ஏறும் சார்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கிளம்பிய அன்றே தலைவலி ஆரம்பித்தது. மூன்று பெண்களை வீட்டில் அனுப்பவே இல்லை. "கோட்டைய நாங்க பாக்காததா மிஸ்? வெயில்ல எதுக்கு?" என்றார்கள் அம்மாக்கள். வந்தவர்களுக்கோ அது டூர். புளிச்சோறு, சிப்ஸ், இரவல் கூலிங் கிளாஸ். மலையடியிலேயே குரங்குகள் பாதிச் சோற்றைப் பிடுங்கிக்கொண்டன. மேலே ஏறியதும், ராஜா குதிரையோடு குதித்த இடம் எது என்று என்னையே நச்சரித்தார்கள். ராஜாவை விடுங்கள், உங்கள் காலடியில் இருப்பது கிரானைட் என்றேன். ஒரே சிரிப்பு.

"கிரானைட்டுனா எங்க அத்த ஊட்டு கிச்சன்ல இருக்குது மிஸ், பளபளன்னு. இது வெறும் கல்லு."

"இதத்தான்டி அறுத்து பாலிஷ் போட்டு விக்கறாங்க!" என்று கத்தினேன். மொத்த வகுப்பும் என்னைப் பாவமாகப் பார்த்தது.

இனிப் பேசிப் பயனில்லை. ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பாறையைத் தட்டினேன். 'ணங்' என்றது. கொஞ்சம் தள்ளித் தட்டினேன். 'டொக்' என்றது. சிப்ஸ் பாக்கெட்டுகள் கீழே போயின.

"உள்ள காலியா மிஸ்?"

பகலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, பாறையின் மேல்பகுதி தகடாகக் கிளம்பியிருக்கிறது, அடியில் இடைவெளி இருக்கிறது என்றேன். ஒருத்தி ஓரத்து இடுக்கில் விரலை விட்டுப் பார்த்து, "ஆமா மிஸ், தோலு உட்டிருக்குது!" என்று அலறினாள். அதன்பிறகு என்னை யார் மதித்தார்கள்? ஆளுக்கொரு கல்லோடு மலையைத் தட்டி, எங்கே உரிகிறது என்று சத்தத்தை வைத்தே சண்டை போட்டார்கள். கோட்டைக் காவலர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னா மேடம், படிச்ச நீங்களே கோட்டைய ஒடைக்கச் சொல்லித் தர்றீங்களா?"

எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார். திட்டு வாங்கியும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது: பாறை உரிதல் என்றால் என்ன? ஹெச்.எம். தானே உட்கார்ந்து திருத்தினார். மலைக்கு வராத மூன்று பேரும் புத்தக வரிகளை ஒப்பித்து முழு மார்க் வாங்கினார்கள். வந்தவர்கள், 'தட்டினால் டொக்கென்று கேட்கும் இடத்தில் பாறை தோல் விட்டிருக்கிறது, பகல் சூடும் இரவுக் குளிரும் காரணம்' என்று எழுதியிருந்தார்கள். அரை மார்க். சிலருக்கு அதுவும் இல்லை.

"சார், இது சரியான விடை."

"புக்குல டொக்குன்னு எங்க மேடம் இருக்குது? அடுத்த வருஷம் மலையெல்லாம் வேணாம்."

ஆத்திரத்தோடு வகுப்புக்குப் போய் விடைத்தாள்களைக் கொடுத்தேன். அன்று இடுக்கில் விரலை விட்டவள் எழுந்து நின்றாள்.

"நான் எழுதனது தப்பா மிஸ்?"

"இல்லம்மா. சரிதான்."

தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பரவால்ல மிஸ், அடுத்த தடவ புக்குல இருக்கறதையே எழுதிடறேன்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.