மறுபக்கத்துக் கம்பி

எழுபதுகளின் கடைசியில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டெலிபோன் கம்பிகளுக்குப் பொறுப்பாயிருந்தவர் பத்திநாதன். ஆள் கெட்டவர் இல்லை. சோம்பேறி என்றும் சொல்லிவிட முடியாது. காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்தவர், அவ்வளவுதான். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மனுசனுக்கு அட்டைப் பயமா என்று மனைவி தெரேசா கேலி செய்வாள்.

கம்பி தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு, டிஸ்பென்சரியைத் தொட்டு, தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள்வரை ஏறும். அங்கிருந்து புதர் மண்டிய ஒரு பள்ளத்தைத் தாண்டி மறுபடியும் தொழிற்சாலைக்கே வந்து சேரும். வட்டமாக இழுத்தது சும்மா இல்லை. ஒரு பக்கம் அறுந்தால் பேச்சு மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். பத்திநாதனுக்கு இதில் தானே கண்டுபிடித்த மாதிரிப் பெருமை. பெட்டிக்கடையில் நின்றுகூட விரலால் வட்டம் போட்டுக் காட்டுவார்.

அந்த வட்டம்தான் அவரைக் கெடுத்தது. ஒரு பக்கம் இல்லாமல் போனாலும் யாருக்கும் தெரியாது அல்லவா?

அந்த வருடம் அந்தோனியார் திருநாளுக்கு, கோயில் பாட்டு மேல்கணக்குவரை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். லவுட்ஸ்பீக்கர் இருந்தது, அவ்வளவு தூரத்துக்குக் கம்பி இல்லை. கம்பிக்கு நானாச்சு என்றார் பத்திநாதன். பள்ளத்தைத் தாண்டும் கம்பியைக் கழற்றி, கோயிலிலிருந்து லயம்வரை இழுத்தார். பாட்டு அமோகமாகக் கேட்டது. சாமியாரே தோளில் தட்டிக்கொடுத்தார்.

திருநாள் முடிந்தது, கம்பி சுருளாக அவர் வீட்டுக் கூரைக்கடியில் கிடந்தது. டெலிபோன் எல்லாம் வழக்கம்போல வேலை செய்தது. மழையோ விட்டபாடில்லை, பள்ளத்தில் அட்டை புழுத்துக் கிடந்தது. வெயில் வரட்டும், கட்டிவிடலாம் என்று தள்ளிப்போட்டார்.

ஆடியில் ஒரு நாள் காற்றில் சவுக்கு மரம் சாய்ந்து, டிஸ்பென்சரிக்கும் மேல்கணக்குக்கும் நடுவே கம்பி அறுந்தது. அன்றைக்குத்தான் மேல்கணக்கு லயத்து வீரம்மாவுக்குப் பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. லொறியைக் கூப்பிட, அங்கே வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை டெலிபோன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெட்டி ஊமையாயிருந்தது. வீரம்மாவின் புருசன் ஆண்டியப்பன் வழுக்குப் பாதையில் விழுந்து எழும்பிக் கீழே ஓடினான். லொறி மேலே போய் அவளை ஏற்றி ஆஸ்பத்திரி சேர்த்தபோது தாயை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

பத்திநாதன் கொட்டும் மழையில் மரத்தை வெட்டி ஒதுக்கிக் கம்பியை ஒட்டினார். பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பள்ளத்தில் இறங்கி, மற்றதையும் கட்டினார். கால் முழுக்க அட்டை. ஒன்றைக்கூடப் பிடுங்கிப் போடவில்லை.

மழை இரண்டு பக்கத்தையும் அறுத்துவிட்டதாக்கும், பாவம், இவர் என்ன செய்வார் என்று தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். பத்திநாதன் தலையாட்டினார். கம்பியைக் கழற்றியதைவிட அந்தத் தலையாட்டல்தான் அவரைக் கூனிக் குறுக வைத்தது. அதற்குப் பிறகு மேல்கணக்கு ஆட்கள் எதிரே வந்தால் தேயிலைச் செடிக்குள் புகுந்து போவார். திங்கட்கிழமை தவறாமல் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, மறுபக்கமாக மணி அடிக்கிறதா என்று சோதிப்பார். ஆளுக்குக் கழன்றுவிட்டது என்று சிரித்தார்கள்.

அடுத்த திருநாள் வந்தது. தொழிற்சாலை முற்றத்தில் கம்பத்தடியில் நின்றவரைத் தேடி ஆண்டியப்பன் வந்தான். வீரம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள்.

"அண்ணே, இந்த வருசமும் எங்க லயத்துக்குப் பாட்டு வுடுங்கண்ணே. போன தடவ பாட்டுக் கேக்குறப்பல்லாம் புள்ள வயித்துல பொரளுதுன்னு சொல்லிக்கிட்டே கெடந்தா. இப்பவும் கேக்கணுமாம்."

பத்திநாதன் கம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கம்பி இல்லப்பா."

"போன வருசம் இருந்துச்சேண்ணே?"

பத்திநாதனின் கண் அவரையும் மீறி மேலே போனது. ஆண்டியப்பனும் அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே புறப்பட்டு, பள்ளத்தைத் தாண்டித் தன் லயத்துக்குப் போகும் அந்த டெலிபோன் கம்பியைக் கடைசிவரை பார்த்தான்.

பிறகு பாட்டைப் பற்றி மறுபடி கேட்காமலே திரும்பி நடந்தான்.