நத்தைக்குப் பிசைந்த மாவு

தோட்டம் என் கணவருடையது. அதன் முதுகுவலி மட்டும் அந்த வருஷம் எனக்கு வந்தது.

கோட்டைக்குள் எங்கள் தெரு வீடுகளுக்கு அகலம் கிடையாது, நீளம் உண்டு. கிணற்றைத் தாண்டி வாழை வரை கொல்லை போய்க்கொண்டே இருக்கும். ரயில்வேயிலிருந்து ரிட்டயரான கையோடு கணவர் அந்தக் கொல்லையைப் பிடித்துக்கொண்டார். வெண்டையும் பயறும் போட்டுச் சலித்ததும், திருவனந்தபுரத்தில் முட்டைக்கோஸ் விளைவிக்கிறேன் என்று கிளம்பினார். இந்த ஊரில் குளிர்காலம் என்பது மார்கழியில் நாலு மணிக்கு வந்து, பால்காரன் வருவதற்குள் போய்விடும் சமாசாரம். அதை நம்பி ஒருத்தர் கோஸ் போடுவதா என்று நான் சிரித்தேன். ஆனால் துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்ததும் கார்த்திகைப் பிறப்பில் நாற்றை நட்டால், தை பிறப்பதற்குள் தேங்காய் அளவுக்குத் திரண்டுவிடுகிறது. மூன்று வருஷம் தின்றிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

அவருக்கு ஒரே சட்டம், விஷம் வைக்கக் கூடாது. வேலியோர மூலையை வெட்டாமல் காடாகவே விட்டிருந்தார். செம்பருத்தியும் முல்லையும் பேர் தெரியாத கொடிகளும் பின்னிக் கிடக்கும். அதற்குள் ஓணான், கீரி, எப்போதாவது சாரைப்பாம்பு. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு செம்போத்து. கறுப்பு உடம்பு, செங்கல் நிற இறக்கை, ரத்தச் சிவப்பில் கண். பறக்கச் சோம்பல்பட்டுப் பாத்தி ஓரமாக நடந்தே வந்து நத்தையைக் கொத்தித் தின்னும். விடிந்ததும் 'ஊப் ஊப்' என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிடும். அவருக்கு அது கூப்பிட்டால்தான் பொழுது விடியும்.

புரட்டாசியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று, எலும்பு சேர்ந்தது, வாக்கர் வந்தது, நடை மட்டும் வரவில்லை. நான் தூக்கி நிறுத்தினால் நிற்பார். இடுப்பில் கை வைத்திருந்தால் நடப்பார். கையை எடுத்தால் அந்த இடத்திலேயே நடுங்க ஆரம்பித்துவிடுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆள் வைத்துப் பார்த்தேன். வந்த இரண்டு பேரையும் தொட விடாமல் துரத்திவிட்டார்.

எனக்குத் தம்பானூரில் ஆபீஸ் வேலை, இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி. இருந்த லீவையெல்லாம் வழித்து எடுத்தாயிற்று. தை பிறந்தால் போயாக வேண்டும். அதற்குள் அவர் பாத்ரூம் வரையாவது தனியாக நடந்தால் வேலை இருக்கும். இல்லாவிட்டால் விட வேண்டியதுதான். அந்த வேலை எனக்கு வேண்டும். சம்பளத்தைவிட, பகலில் எட்டு மணி நேரம் யாரையும் தூக்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு வேண்டும்.

பிசியோதெரபிக்கு வந்த மலையாளிப் பெண்தான் யோசனை சொன்னாள். "மாமி, மாமனுக்கு ஏற்றவும் இஷ்டம் எந்தா?"

"ரொம்பப் பிடிச்சதுன்னா செம்போத்துதான்" என்றேன்.

சிரித்துவிட்டு, கொல்லையைப் பார்த்த ஜன்னலோரம் இருந்த கட்டிலை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போடச் சொன்னாள். ஜன்னலுக்கு ஆறு தப்படி. பார்க்க வேண்டுமானால் நடந்து வரட்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் பட்சி கூப்பிட்டதும் அவர் என்னைக் கூப்பிட்டார். "வந்துடுத்து, வா, பிடி." நான் போய்ப் பிடித்தேன். தினமும் அதுதான் நடந்தது.

இதற்கு நடுவில் கோஸ் நாற்றையும் நானே நட்டேன். நட்ட நாலாம் நாள் மறுபடி மழை. மழை விட்டதும் நத்தைகள். கைப்பிடி அளவில் ஆப்பிரிக்க நத்தை, இந்த ஊரில் எல்லோர் வீட்டிலும் உள்ள தலைவலி. ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் ராத்திரி வந்து மொய்க்கும். காலையில் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். அவர் குனிந்து செய்தபோது சுலபமாகத் தெரிந்தது. ஐந்து மணிக்கு எழுந்து வாளி வாளியாகப் பொறுக்கினேன். பொறுக்கியதற்கு மறுநாள் அதே அளவு இருந்தது. முப்பது நாற்றில் பன்னிரண்டு போயிற்று. அவரோ தினமும், "கோஸ் எப்படியிருக்கு?" என்பார். "ஜோரா இருக்கு" என்பேன். தோட்டம் நாசமாகப் போகட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் சேச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வழி சொன்னாள். தவிடு, சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட், அதோடு விஷத்துக்குத் துரிசு, நம் மயில்துத்தம். பிசைந்து ஒரு குழியில் வைத்து, நத்தை மட்டும் நுழைகிற மாதிரி மேலே மூட வேண்டும். "குழி முக்யம், கேட்டோ மாமி. வேறெ ஜீவிகள் தின்னருது" என்று, வேறு எதுவும் அதைத் தின்றுவிடக் கூடாதென்று இரண்டு தடவை சொன்னாள்.

சாலைக் கடைத்தெருவில் துரிசு வாங்கி வந்து பழைய தாம்பாளத்தில் பிசைந்தேன். சர்க்கரையைப் பாகு காய்ச்சி ஊற்றிப் பிசைந்தபோது அதிரச மாவு வாசனை வந்தது. நல்ல பதம் வந்ததில் ஒரு சந்தோஷம்கூட வந்தது, வெட்கக்கேடு. பிறகு மண்வெட்டியை எடுத்தேன். இரண்டு கொத்து கொத்தியதும் இடுப்பில் சுளீரென்றது. அப்படியே கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று காலையிலிருந்து அவரை ஒன்பது தடவை தூக்கியிருந்தேன். குழியும் வேண்டாம் மூடியும் வேண்டாம் என்று மாவைக் கொட்டாங்கச்சிகளில் உருட்டிப் பாத்தி நடுவே திறந்தபடி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

மறுநாள் பாத்தி முழுக்கச் செத்த நத்தை. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் காலை செம்போத்து கூப்பிடவில்லை.

செம்பருத்திக்கு அடியில் இறக்கையை விரித்துக் கிடந்தது. நத்தையைத் தின்றதோ மாவையே தின்றதோ தெரியாது. எதைத் தின்றிருந்தாலும் என் கைதான். வாழையடியில் குழி தோண்டினேன். மூன்று நாள் முன்னால் இரண்டு கொத்துக்கு மேல் முடியாத அதே இடுப்பு அன்று முழங்கை ஆழம் தோண்டக் கொடுத்தது. கொட்டாங்கச்சிகளையும் சேர்த்துப் புதைத்துவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவி, காப்பி போட்டு எடுத்துப் போய் அவரை எழுப்பினேன்.

"பட்சி எங்கே?" என்று கேட்டால் சொல்ல ஒரு பொய் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அந்த வாரமும் கேட்கவில்லை. ஜன்னலுக்குப் போகலாமா என்றால் வேண்டாம் என்று தலையாட்டினார். பிசியோ பெண் வந்தால் முன்னைவிட மோசமாகத் தள்ளாடினார். நடப்பதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆசையையும் நானே கொன்றுவிட்டேன் என்று புரிந்தது. தூக்கினேன், உட்கார வைத்தேன், மறுபடி தூக்கினேன். செய்ததற்கு இது தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். மார்கழி முழுக்க அப்படியே போயிற்று.

மார்கழி கடைசியில் முதல் கோஸை அறுத்தேன். தேங்காய் போட்டுக் கறி பண்ணித் தட்டில் வைத்தேன். அவர் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு மோர் சாதத்தை மட்டும் சாப்பிட்டார்.

"நாளைக்கு ஆபீஸுக்கு எழுதிக் குடுத்துடறேன்" என்றேன். "வேலையை விட்டுடறேன். வேற வழியில்லை."

சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "இன்னொண்ணும் இருக்கு. அந்தச் செம்போத்து எங்கேயும் போகலை. நான்தான் விஷம் வெச்சுக் கொன்னேன்."

"தெரியும்" என்றார்.

தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு அது கூப்பிடலை. என்னாச்சோன்னு எழுந்தேன். வாக்கரைப் பிடிச்சுண்டு ஜன்னல் வரைக்கும் வந்துட்டேன். வந்தப்பறம்தான், அட, தனியா வந்திருக்கோமேன்னு தோணித்து. ஒன்னைக் கூப்பிடறதுக்கு வாயைத் தெறந்தேன். நீ வாழையடியில குழி வெட்டிண்டு அழுதுண்டிருந்தே. பக்கத்துல பட்சியும், மாவு வெச்ச கொட்டாங்கச்சியும் கெடந்தது."

"அப்பறம்?"

"திரும்பிப் போய்ப் படுத்துண்டுட்டேன். நடந்தேன்னு சொன்னா, பாத்ததையும் சொல்லணுமே. ஒனக்கு எப்படியிருக்கும்?"

ஐந்து வாரம். ஒரு நாளைக்கு ஒன்பது தடவை, பத்துத் தடவை. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. "நடக்கத் தெரிஞ்ச மனுஷனையா நான் இத்தனை நாளா முதுகொடியத் தூக்கினேன்?" என்று கத்தினேன்.

"தூக்கினே" என்றார். "ஒவ்வொரு தடவையும் இப்பச் சொல்லிடலாம்னு நெனைப்பேன். நீ மூச்சு வாங்கறதைப் பாத்தா அதுக்கும் தைரியம் வராது."

பிறகு வாக்கரைப் பக்கத்தில் இழுத்து, இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நின்றார். கை கழுவ நடந்தார். என் கை பழக்கத்தில் தானாகவே அவர் இடுப்புக்கு நீண்டது. இழுத்து மடியில் வைத்து, மற்ற கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.