அத்தைக்கு நான் கொடுத்த டப்பிங்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாதிப் படத்தில் ரிமோட்டை அழுத்தி டிவியை அணைத்தேன். நான், என் மனைவி மேகலா, என் அத்தை... மூன்று பேரும் அப்புறம் ஐந்து நிமிடம் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சமீபத்தில் எங்கள் வீட்டு டிவியில் அவ்வளவு விறுவிறுப்பான காட்சி எதையும் நான் பார்த்ததில்லை!

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சினிமா.

நான் தியேட்டருக்குப் போய் ரொம்ப நாளாகிறது. வீட்டில் என்றால் பனியனோடு உட்கார்ந்து பார்க்கலாம். பிடிக்காவிட்டால் வாய்விட்டுத் திட்டலாம். ஹீரோ பஞ்ச் டயலாக் பேசும்போது எழுந்துபோய்க் குக்கரை இறக்கி வைத்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் அவர் இன்னும் அதே டயலாக்கைத்தான் பேசிக்கொண்டிருப்பார். இந்த வசதிக்காகவே கடந்த இரண்டு மாதத்தில் பதினெட்டு படம் பார்த்துவிட்டேன்.

பதினெட்டில் பதினொரு படத்தில் போலீஸ்காரருக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் சார், நல்ல டாக்டரைப் பார்க்கக் கூடாதா? தாடி வைத்துக்கொண்டு மழையில் நிற்கிறார். சுவர் முழுக்க போட்டோ ஒட்டி சிவப்பு நூல் கட்டுகிறார். கொலைகாரன் யார் என்பது எனக்கு இருபதாவது நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. படத்தில் யார் எல்லோருக்கும் அன்பாக டீ கொடுக்கிறாரோ, அவர்தான். இதைக் கண்டுபிடிக்க எதற்கு நூல்?

எங்கள் பக்கத்தில் எடுத்த கிராமத்துப் படங்கள் வேறு வகை. அவற்றில் யாருமே வேலைக்குப் போவதில்லை. ஊரே காலையில் எழுந்ததும் அரிவாளைத் தேடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நான் பிறந்து ஐம்பத்திரண்டு வருடமாகிறது. இங்கே ஆட்கள் காலையில் தேடுவது மோட்டார் ரூம் சாவியைத்தான்.

இந்தப் பதினெட்டு படத்துக்கும் எனக்குத் துணை, அத்தை. அப்பாவின் தங்கை. கோம்பையில் தனியாக இருக்கிறார். மாமா இறந்து இருபது வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. கண்புரை ஆபரேஷனுக்காகத் தேனிக்கு வந்தவர், எங்கள் வீட்டில் பத்து நாள் இருப்பதாகத் திட்டம். ஒரு கண் முடிந்தது. அப்புறம் இன்னொரு கண். அதற்கப்புறம் சொட்டு மருந்து. பத்து நாள் இரண்டு மாதம் ஆகிவிட்டது.

அத்தையோடு படம் பார்ப்பது ஒரு தனி அனுபவம். ஒரு படத்தில் ஹீரோ கோம்பையில் பைக்கை எடுத்து, ஒரு திருப்பம் திரும்பினார். வைகை அணை வந்துவிட்டது!

“ஏலே மருமகனே, அங்கன திரும்புனா தேவாரம்லடா வரும்? இவன் எப்பிடிடா அணைக்குப் போனான்?”

“சினிமால்ல அத்தை...”

“சினிமான்னா? பெட்ரோலு போட வேணாமா?”

அதே படத்தில் வேட்டைக்குப் பேர்போன கோம்பை நாய் என்று ஒரு நாயைக் காட்டினார்கள். ஹீரோயின் மடியில் படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்றது. அத்தைக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “எங்கூர்ல இத நாயின்னே சொல்ல மாட்டாக” என்றார். எத்தனையோ விமர்சகர்களைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

தமிழ்ப் படங்கள் தீர்ந்ததும் மலையாளப் படங்களுக்குத் தாவினோம். நான் முப்பது வயதிலிருந்து பத்து வருடம் கேரளத்துக் கட்டப்பனையில் வேலை பார்த்தவன். மேகலா குமுளியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் படங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. ஒரு மனிதர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் தேடுகிறார். இரண்டே கால் மணி நேரம் தேடுகிறார். நான் கண்ணீர் விட்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று இன்று வரை தெரியவில்லை.

ஒரே சிக்கல், அத்தை. ஆபரேஷன் ஆன கண்ணால் சப்டைட்டில் படிக்க முடியாது. அதனால் நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட் ஆனேன். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாக் குரலிலும் நானே பேசினேன். கதாநாயகிக்கும் நானே. அத்தை சரியான இடத்தில் சிரிப்பார். சரியான இடத்தில் ‘த்சோ... த்சோ...’ என்பார். சில சமயம் நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிடுவார். என் முகபாவத்திலேயே விஷயம் புரிந்துவிடுகிறது போலிருக்கிறது என்று பெருமையாக இருந்தது. இந்தத் திறமையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஆபீசில் வீணாகிவிட்டேனே!

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மலையாளம் வெறும் மொழி இல்லை. மூடி போட்ட டப்பா. விருந்தாளி எதிரில் பேசக் கூடாததை எல்லாம் நானும் மேகலாவும் அதில் போட்டு வைப்போம். முன்பு, மகள் சின்னவளாக இருந்தபோது, ஐஸ்கிரீம் வாங்கலாமா வேண்டாமா என்ற அளவில் இருந்தது. அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு டப்பா காலியாகத்தான் கிடந்தது. அத்தை வந்த மூன்றாவது வாரம் மறுபடி திறந்தோம்.

“இவரு எப்போழா போகுன்னே?”

எப்போது போவார். கேட்டவன் நான்தான். அத்தை அப்போது எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் கூச்சம் போய்விட்டது. பாத்ரூமில் ஒரு மணி நேரம். சத்தமாக டிவி. சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்று தினமும் ஒரு தீர்ப்பு. எல்லாமே மலையாளத்தில் பேசி முடித்தோம். ஒரு நாள் அத்தை, “போதும்டா, இங்கன கெடந்து என்ன செய்யப் போறேன்? நாளைக்குக் கெளம்புறேன்” என்று பையை எடுத்தார். “அதெல்லாம் முடியாது அத்தை, இன்னும் பத்து நாள் இருந்துட்டுத்தான் போகணும்” என்று மேகலா பையைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, ஒரு மரியாதைக்குச் சொன்னேன், அதையே பிடித்துக்கொண்டு தங்கிவிடப் போகிறார் என்று மலையாளத்தில் சொன்னாள். நான் சிரித்தேன். அதோடு விட்டேனா? கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன்.

எங்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நினைத்தாலும் தப்பில்லை.

போன ஞாயிறுக்கு வருகிறேன். அன்றைய படம் ஒரு குடும்பக் கதை. பெரிய ஓட்டு வீடு, ரப்பர் தோட்டம், விடாத மழை. அப்பா இறந்து பதினாறாம் நாள். மூன்று பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று பேசுகிறார்கள். மூத்தவன், என் பிளாட்டில் இடமில்லை என்கிறான். மகள், என் மாமியாரே எனக்குப் போதும் என்கிறாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அந்த அம்மா நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

 இதை எப்படி அத்தைக்கு மொழிபெயர்ப்பது? பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி கொறித்துக்கொண்டிருக்கிறார். மேகலா ஜாடை காட்டினாள், மாற்று என்று.

“என்னடா பேசிக்கிறாக?” என்றார் அத்தை.

“அது... தேங்காய் விலை அத்தை. விலை இறங்கிப்போச்சாம். அதைப் பத்திப் பேசுறாங்க.”

அத்தை ஒரு பட்டாணியை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

“தேங்கா வெலையா? அந்த மூத்த பய, ‘அம்மாவ நீ கூட்டிட்டுப் போ, எங்க வீட்டுல எடமில்ல’ன்னுல்ல சொல்றான்.”

அப்போதுதான் டிவியை அணைத்தேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் என் மனதுக்குள் இரண்டு மாதமும் பின்னோக்கி ஓடியது. சாம்பார். பாத்ரூம். பை. கண். ஒவ்வொன்றும் தெளிவாக, எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தோம் என்பது உட்பட. பிறகு மேகலா எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“அத்தை... உங்களுக்கு மலையாளம் எப்படி?”

“ஏலக்காத் தோட்டத்துக்குப் போனேன்லடா.”

“எப்போ?”

“உங்க மாமா போன பெறகு. ஏழு வருசம். வெடியிறதுக்கு முன்னாடி ஜீப்பு வந்துரும். கம்பமெட்டு மலையேறி, மேல கேரளாவுல காய் எடுக்கப் போவோம். தோட்டக்காரன் வையிறது வெளங்கணும்ல? அப்பிடியே வந்துருச்சு.”

ஏழு வருடம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாமா விட்டுப்போன நிலத்துக் குத்தகையில் அத்தை நன்றாக இருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பொங்கலுக்குப் பொங்கல் சேலையும் கரும்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவோம். நிலம் விளைகிறதா, குத்தகைக்காரன் ஒழுங்காகக் கொடுக்கிறானா என்று அப்பாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

“ஏன் அத்தை சொல்லல?”

“எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா சும்மா இருப்பாகளா? என் தங்கச்சி கூலிக்குப் போறதான்னு வந்து நிப்பாக. நாலு நாளு கௌரவமாச் சண்டை போடுவாக. அஞ்சாம் நாளு சோத்துக்கு நாந்தான பாக்கணும்?”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஏழு வருடமும் நான் கட்டப்பனையில்தான் இருந்தேன். வாரம் ஒரு தடவை அதே கம்பமெட்டு ரோட்டில் பஸ்ஸில் போய் வந்தேன்.

“ஆமா, ஒருநா உன்னியப் பாத்தேன்” என்றார் அத்தை. “வளைவுல ஜீப்பும் பஸ்ஸும் எதுத்தாப்புல நின்னுருச்சு. நீயி சன்னலோரம் ஒக்காந்திருந்த. நான் துண்ட எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டேன்.”

“ஏன் அத்தை?”

“உனக்கு அசிங்கமா இருக்கும்ல.”

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பட்டாணி நன்றாக இருக்கிறது என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

“அப்போ நாங்க பேசினதெல்லாம்...?”

“கேட்டேன்.”

“பிறகு ஏன் இருந்தீங்க?”

அத்தை மடியில் சிந்தியிருந்த பட்டாணித் தோலைத் தட்டிவிட்டார். “அங்கன போனா பேச ஆளில்லடா. இங்கன வையிறதுக்காவது ரெண்டு பேரு இருக்கீக” என்றார். பிறகு சிரித்தார். “உன் டப்பிங்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பொம்பளக் கொரலு மட்டும் சகிக்கல.”

மறுநாள் காலையில் அத்தை குளித்து, சேலை மாற்றி, பையோடு ஹாலில் நின்றார். மேகலாவுக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். “அட விடு ஆத்தா, நான் உன் வயசுல எங்க மாமியாள இதவிடப் பேசிருக்கேன்” என்று அத்தை அவள் தலையைத் தடவினார். ஆனால் பையைக் கீழே வைக்கவில்லை.

நான் முன்னால் போய் நின்றேன்.

“போக வேண்டாம் அத்தை. இங்கேயே இருங்க. எங்களோடவே இருங்க.”

அத்தை என்னைப் பார்த்தார். மருந்து விட்ட கண், கொஞ்சம் சிவந்திருந்தது.

“அதயே மலையாளத்துல சொல்லு மருமகனே. நம்புறேன்.”

தமிழில் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. மலையாளத்தில் இத்தனை நாள் நானும் மேகலாவும் மனதில் இருப்பதை மட்டும்தான் பேசியிருக்கிறோம். பாத்ரூமை நினைத்தேன். காலை ஆறு மணிக்கு அலறும் டிவியை நினைத்தேன். கோம்பையில் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டை நினைத்தேன். ஒரு முழு நிமிடம் ஆகியிருக்கும்.

சொன்னேன்.

அத்தை பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, டீ கேட்டார். அந்த ஒரு நிமிடம் எதற்கு ஆனது என்று மட்டும் கேட்கவில்லை.