மேகத்தின் தடிப்பு

விமானத்திலிருந்து பாய்ச்சும் லேசர் ஒளி மேகத்துக்குள் எவ்வளவு அகலமாகச் சிதறுகிறது என்பதைக் கொண்டு அதன் தடிப்பை அளக்கிறார்கள். அதைப் பற்றிய கட்டுரையொன்றை அன்று தமிழாக்கிக்கொண்டிருந்தேன். மழையில் பெருகிய வெள்ளவத்தைக் கால்வாய் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா நனைந்தபடி வந்தார்.

“தங்கச்சி, மேகத்தைப் பத்தித்தானே எழுதுறீங்க? மழை விடுமா? படுக்கையில கிடக்கிற அப்பாவை மேட்டுப் பக்கம் தூக்கிட்டுப் போகவா, வேணாமா?”

“தடிப்பைத்தான் அளக்கலாம், அக்கா. எப்ப விடுமெண்டு இதில இல்லை.”

“நல்ல மெஷின்தான்! வாங்க, கால்மாட்டைப் பிடிங்க.”

பாயோடு தூக்கினோம். பாதி வழியில் மழை சட்டென்று விட்டது.

“திரும்பிருவமா?” அக்கா என்னைத்தான் கேட்டார். அவருடைய அப்பா குளிரில் நடுங்கினார். அண்ணாந்து மேகத்தைப் பார்த்தேன். போவதா, திரும்புவதா என்று தெரியாமல் முழங்கால் தண்ணீரில் அவரைத் தாங்கியபடியே நின்றோம்.

இன்றும் மழை பெய்யும்போதல்ல, விடும்போதுதான் எனக்கு அச்சம்.