உயரத்தில் வைத்த ஜன்னல்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் நான் வைத்த ஒரு ஜன்னல் சரியா, தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறுபதுகளில் அங்கே நகரசபை அலுவலகமும் முதியோர் கல்வி வகுப்பும் ஒரே கட்டடத்தில் வர வேண்டும் என்றார்கள். சேலத்திலிருந்து போன இன்ஜினீயர் நான். படிக்கிறவர்களின் கவனம் சிதறக் கூடாதென்று வகுப்பறை ஜன்னலைத் தலைக்கு மேலே வைத்தேன்.

திறந்த பிறகு ஒரு மதியம் போயிருந்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிகள் ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தரை குலுங்கியது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் அப்படித்தான், ஏர்பிளாஸ்ட் என்பார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். அவர்கள் ஓடவில்லை. ஜன்னலடியில் பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறி, சுரங்கக் குழியான ஷாஃப்ட்டின் மேலே, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை இழுக்கும் சக்கரத்தையே பார்த்தார்கள். அது சுற்றினால் ஆட்கள் மேலே வருகிறார்கள் என்று அர்த்தம்.

வெகுநேரம் கழித்து, "சுத்துது" என்றாள் ஒருத்தி.

"ஜன்னலைக் கீழே இறக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இறக்குங்க சார், எட்டவே மாட்டேங்குது" என்றாள் அவள்.

பக்கத்தில் நின்றவள் தடுத்தாள். "இன்னா சார், வேணாம். வூட்டுல அடுப்புகிட்ட நின்னாலும் அந்தச் சக்கரந்தான் தெரியுது. இங்க வந்தாதான் அத பாக்காம செத்த நேரம் உக்காந்திருக்கேன்."

இரண்டு பேருடைய புருஷன்களும் அப்போது கீழே சுரங்கத்தில்தான் இருந்தார்கள்.

வரைபடத்தில் ஜன்னலைக் கீழே வரைந்தேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். மாற்றலாகிப் போகும்வரை சுவரில் கை வைக்கவில்லை. அந்தப் பெஞ்சை மட்டும் யாரும் ஜன்னலடியிலிருந்து நகர்த்தவே இல்லை.